மறைத்து வைத்த பங்கு

1963 ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலை, மலாயாவின் பேராக் மலைச்சரிவில் இருந்த ஒரு செமாய்ப் பழங்குடிக் குடியிருப்பில் முள்ளம்பன்றி ஒன்று பங்கு போடப்பட்டது. அலாங்கின் வீட்டுக்கு வந்தது ஒரு கைப்பிடி இறைச்சி.

அலாங் காய்ச்சலில் கிடந்தான். சில நாளாகக் கிழங்குகூட அவனுக்கு இறங்கவில்லை. அவன் மனைவி புங்கா இறைச்சியை மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்டாள். மணம் எழும்போது அலாங்கின் தம்பி கூலோப் ஏணியேறி வந்தான். கல்யாணமாகாதவன், சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். புங்கா சட்டென்று குழாயைச் சாம்பலுக்குள் தள்ளினாள்.

“என்ன அண்ணி, வாசனை ஆளைத் தூக்குது? எனக்குக் கொஞ்சம் வை.”

“உன் மூக்குக்கு எல்லாமே கறிதான். கிழங்கு மட்டும்தான் இருக்கு.”

“அதை நீயே தின்னு. இன்னும் கொஞ்சம் உருண்டையாயிடுவ.”

காட்டு மரத்தில் பெத்தாய்க் காய் பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

உள்ளே படுத்திருந்த அலாங் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவள் நீட்டிய கறியை அவன் தொடவில்லை. கேட்டது கிடைக்காமல் காட்டுக்குள் போகிறவனைப் பெஹூனான் என்னும் கேடு பிடிக்கும். புலியோ பாம்போ முறியும் கிளையோ, ஏதோ ஒன்று அவனைத் தேடி வரும். பழி, மறுத்தவர் மேல். புங்காவுக்கும் இது தெரியாததல்ல. ஒரு வாய்க் கறிதானே என்று நினைத்துவிட்டாள்.

“எனக்காக அவனைக் கொன்னுடாத,” என்றான் அலாங். “ஒரு துண்டு அவன் வாயில பட்டாப் போதும். ஓடு.”

மழை பெய்து பாதை வழுக்கியது. காட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; கேட்கக் கூடாதது கேட்டுவிடும். புங்கா கறிக் குழாயை எடுத்துக்கொண்டு, வாயை மூடியபடியே ஓடினாள். ஓடை தாண்டியதும் சில்வண்டுகள் ஒரேயடியாக ஓய்ந்தன. பெத்தாய் மரத்தடியில் காய்க்கொத்துகள் குவிந்து கிடந்தன. உச்சியில் கூலோப் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான். அவளுக்கு மூச்சு வந்தது. அவனாக இறங்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் கீழே பார்த்தான்.

“கையில என்ன அண்ணி?”

குழாயில் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் அவள் வாயில் வரவில்லை.

“உன் பங்கு. பைய இறங்கி வா.”

அவன் கிளையிலிருந்து குனிந்து குழாயைப் பார்த்தான்.

“அப்பவே இருந்துச்சா?”

அந்தக் குரலில் கேலி இல்லை. அதுவரை அவனைப் பொறுத்தவரை வீட்டில் கறியே இல்லை. இப்போது, கேட்டும் மறுக்கப்பட்டவன் தான் என்று தெரிந்துவிட்டது. அவனைச் சுற்றி இலைகள் நடுங்கின. அங்கேயே இரு, மரத்தைக் கட்டிப் பிடி, நான் ஆளைக் கூட்டி வருகிறேன் என்று அவள் கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. தன்னைத் தேடி வருவது வந்து சேர்வதற்குள் அந்தத் துண்டை வாயில் போட்டுவிட வேண்டும் என்று விறுவிறுவென இறங்கினான். ஏறி இறங்க மரத்தில் அடித்திருந்த மூங்கில் முளை ஒன்றைக் கால் தவறவிட்டது. அவள் காலடியில் வந்து விழுந்தான்.

இறைச்சியை அவன் வாயில் வைத்தாள். அவன் விழுங்கவில்லை.

ஊர் கூடிப் பேசியது. யாரும் குரல் உயர்த்தவில்லை. புங்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பழி அவளுடையது என்று முடிவாயிற்று. கூலோப்பைப் புதைத்த பின், சாவு விழுந்த குடியிருப்பைக் கைவிட்டு மற்றவர்கள் ஆற்றின் கீழ்ப்பக்கம் குடிபோனார்கள். அலாங்கும் புங்காவும் அவர்களோடு போகவில்லை.