வடிவாம்பாள் பார்த்துக் கொடுத்த இடம்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டாவது அடுப்பு வருகிறதென்றால் அந்த வீடு இரண்டாகிறது என்று அர்த்தம். வாயால் மட்டும் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். சௌகரியத்துக்கு என்பார்கள், ஆளுக்கொரு நேரம் பசிக்கிறது என்பார்கள். கலியாணசுந்தரமும் அப்படித்தான் ஆரம்பித்தான். தறிக்குழியிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை, ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, இன்னொரு அடுப்பு போட்டுடலாம்னு இருக்குது. எங்க போடலாம்னு நீங்களே ஒரு இடம் பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

பக்கத்தில் ராட்டையில் தாருக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த வடிவாம்பாள் ஒரு தரம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் ராட்டையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் வடிவாம்பாள் இல்லை.

அவள் மூத்த மருமகளாக வந்தபோது இந்த சுந்தரம் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற தாயில்லாப் பிள்ளை. கட்டினவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும் திருப்புட்குழியிலிருந்து அண்ணன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், வா போகலாம் என்று. போனாளா? இந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அடுப்படி அவளுடையது. காலையில் அவன் சாப்பிட்டானா, மத்தியானம் சாப்பிட்டானா, அவளுக்கு வேறு நினைப்பு கிடையாது. வேறு நினைப்பு வைத்துக்கொள்ள அவளுக்கு என்ன இருந்தது?

அப்புறம் ஐயம்பேட்டையிலிருந்து மங்கையர்க்கரசி வந்தாள், சுந்தரத்துக்குப் பெண்டாட்டியாக. நல்ல பெண்தான், ஆனால் அவளுக்கும் கை என்று ஒன்று இருந்ததே! ஒரு அடுப்புக்கு முன்னால் இரண்டு பேர் கையை நீட்டினால் என்ன ஆகும்? அரிசிக்கு க்யூவில் நிற்கிற காலம் வேறு. கஞ்சியை வடிப்பதா, வடிக்காமல் பொங்குவதா என்பதில் ஆரம்பிக்கும். கஞ்சியை வடித்துக் கொட்டினால் சத்து போச்சு என்பாள் மங்கை. "உங்க ஊர்ல மாட்டுக்குப் பொங்கறாப்பல இங்க பொங்க மாட்டோம்" என்பாள் இவள். இரண்டு நாள் பேச்சு இருக்காது. தறியில் உட்கார்ந்தவன் இந்தப் பக்கமும் பேச மாட்டான், அந்தப் பக்கமும் பேச மாட்டான்.

அதனால் அடுப்பு என்றதுமே வடிவாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. தனிக்குடித்தனம்! எந்த வீட்டிலும் பின்னால் வந்தவள்தான் பிரிந்து போவாள், பெரிய அடுப்பு மூத்தவளுக்கு. சுந்தரமும் பெண்டாட்டியோடு புது அடுப்புக்குப் போகப்போகிறான். என் கையால் தின்று வளர்ந்தவன் என்னிடமே வந்து இடம் பார்த்துக் கொடு என்கிறான், கொழுப்பைப் பார்!

அடுப்பு யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் "மங்கைக்கு" என்பான், அதைக் காதால் கேட்கவேண்டும். ரோஷக்காரி, கேட்கவில்லை. அந்தப் பயந்தாங்கொள்ளியும் சொல்லவில்லை.

சரி, இடம் பார்க்கத்தானே சொன்னான்? பார்த்துக் கொடுக்கிறேன். எந்த இடத்தில் போட்டால் அந்த அடுப்பில் நாலு நாள் சமைக்க முடியாதோ, கண்ணைக் கசக்கிக்கொண்டு "அக்கா, நாங்க உங்களோடவே சாப்பிடறோம்" என்று திரும்பி வருவார்களோ, அந்த இடமாகப் பார்க்கிறேன். இப்படித்தான் முடிவு கட்டினாள், அந்தப் பாவி மனுஷி.

மத்தியானம் சுந்தரம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். மங்கை கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தாள்.

"இந்தச் சின்ன ரூம்ல போடலாமா அண்ணி? ஜன்னல் இருக்குது. காத்து வரும், வெளிச்சமா இருக்கும்."

கூடத்துத் தறிக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். வடிவாம்பாள் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"ஏம்பா, அறிவு இருக்குதா உனக்கு? அந்தாண்ட தறியில முழுச் சேலையும் ஜரிகையோட கிடக்குது. இங்க புகை போட்டா ஜரிகை கருத்துடாது? வெள்ளிடா அது! கருத்த சேலையை எடுத்துக்கினு போனா முதலாளி மூஞ்சியில வீசி எறிவாரு."

நெசவுக்காரனிடம் ஜரிகை கருக்கும் என்று சொன்ன பிறகு அவன் என்ன பேசுவான்? கொல்லைக்கு இறங்கினான்.

"அப்போ முருங்கை மரத்தாண்ட? ஒரு கீத்துக் கொட்டாய் போட்டுக்கலாம், தாராளமா இருக்கும்."

"ஆடிக்காத்துல பொறி பறந்து பக்கத்து வீட்டுக் கூரையில விழட்டும், ஊரே சிரிக்கட்டும்!"

எப்படிக் கெஞ்சுகிறான் பார், பெண்டாட்டிக்குக் காற்று வேண்டுமாம், வெளிச்சம் வேண்டுமாம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு நாளாவது பார்த்தானா இப்படி?

விடுவிடுவென்று கொல்லைக் கோடிக்கு நடந்தாள். விறகு அடுக்கி வைக்கிற மூலை அது. ஒரு பக்கம் மாட்டுக்கொட்டாயின் பழைய சுவர், எதிரே கக்கூஸ் வாளி எடுக்க வருகிற சந்தின் சுவர். மேலே பாதி ஓடு இருந்தது, பாதி இல்லை.

"இதோ, இங்க."

"இங்கயா?" என்றான் சுந்தரம்.

"ஏன், இதுக்கு என்ன? கிழக்குப் பார்த்து உக்காந்துதான் சமைக்கணும். இங்க உக்காந்தா நேர் கிழக்கு. தறிக்கும் புகை வராது, விறகும் கைக்கு எட்டுது."

"எதிர்க்கச் சந்துச் சுவரு இருக்குதே அண்ணி."

"சமைக்கிறவளுக்குச் சுவரு தெரிஞ்சா என்ன, ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிஞ்சா என்ன? அடுப்பைப் பார்த்துச் சமைச்சா போதும்."

"மழை பெஞ்சா என்னக்கா பண்றது?" என்று மங்கை மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு தகரத்தை வச்சுக்க வேண்டியதுதான். மகாராணியா என்ன?"

மங்கை புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "சரி, அண்ணிக்கு இதுதான் சரின்னா இதுவே இருக்கட்டும்" என்றான். அன்று வடிவாம்பாள் இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டாள்.

முனுசாமி கொத்தனார் உடைசல் செங்கலும் மண்ணும் கொண்டுவந்து இறக்கினார். மூலையைப் பார்த்ததும், "ஏம்மா, இங்க குந்திக்கினு எந்த மவராசிம்மா சமைப்பா?" என்றார்.

"சமைக்கிறவ சமைப்பா. நீ கட்டுய்யா."

"புகை போவ சுவத்துல ஒரு ஓட்டையாவது விடட்டுமா?"

"சந்துல போறவன் வர்றவன்லாம் எட்டிப் பாக்கறதுக்கா? ஒண்ணும் வேணாம்."

"பக்கத்துல கொடி அடுப்பு?"

"ஒத்த அடுப்பு போதும். கல்யாணச் சமையலா நடக்கப்போவுது?"

தறியிலிருந்து வந்து நின்ற சுந்தரமும் "ஆமா, ஒத்த அடுப்பு போதும்" என்றான். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆத்திரம் கண்ணை மறைத்தால் எது உறைக்கும்!

மண் காய்ந்தது. தை வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்தார்கள். புது அடுப்பில் சுமங்கலிதான் முதலில் நெருப்பு வைத்துப் பால் பொங்கவேண்டும், தாலியறுத்தவள் எதிரே நிற்கக்கூடாது. இதை யாரும் சொல்லி வடிவாம்பாள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என்னதான் கோபம் என்றாலும் அந்தப் பெண்ணுக்கு அபசகுனமாக நிற்க அவளுக்கு மனசில்லை. விடியலிலேயே குளித்துவிட்டு உள்ளே அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

மங்கை தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, புதுப் பால் செம்போடு வந்தாள். வந்தவள் கொல்லைக்குப் போகவில்லை. நேராக அடுப்படிக்குள் நுழைந்து, பெரிய அடுப்பைச் சாணம் போட்டு மெழுகினாள். கோலம் இழுத்தாள், குங்குமம் வைத்தாள்.

"இங்க என்னம்மா பண்ற? நல்ல நேரம் போவுது பாரு. புது அடுப்பாண்ட போ" என்றாள் வடிவாம்பாள்.

மங்கை நிமிர்ந்தாள். "அங்க எதுக்குக்கா? பால் இங்கதான பொங்கணும். அது உங்க அடுப்பு."

"என் அடுப்பா?"

"ஆமாக்கா. உங்க ஒருத்திக்குத்தான. அதுக்கு நேரம் காலம்லாம் எதுக்கு, நீங்க எப்ப வேணாலும் பத்த வச்சுக்கோங்க." வெடுக்கென்றும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். முந்தானையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து இவள் கையில் வைத்தாள்.

கூடத்தில் தறிச் சத்தம் நின்றது. சுந்தரம் வாசற்படியில் வந்து நின்றான். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"தினம் தினம் சண்டை எதுக்குன்னுதான் அண்ணி. நீங்களும் உங்க இஷ்டத்துக்குக் கஞ்சி வடிச்சுக்கலாம். நான் ஜன்னலாண்ட போட்டுத் தரணும்னுதான் பார்த்தேன். நான் எவ்ளோ சொன்னேன்? நீங்கதான் அந்த மூலைதான் வேணும்னு நின்னீங்க."

காற்றும் வெளிச்சமும் அவன் யாருக்காகக் கெஞ்சினான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. என்ன சொல்வாள்? உன் பெண்டாட்டி அந்தப் புகையில் கிடந்து சாகட்டும் என்றுதான் அந்த இடத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அவள் வளர்த்த பிள்ளையின் மனசில் மிச்சமிருந்த மரியாதையும் போய்விடும்.

"ஆமாம்பா, எனக்கு அந்த மூலைதான் தோது" என்றாள்.

"நிஜமாவா அண்ணி? பிடிக்கலன்னா சொல்லுங்க, இடிச்சுட்டு வேற இடத்துல போட்டுடலாம்."

"கட்டின அடுப்பை இடிக்கக்கூடாதுப்பா, குடும்பத்துக்கு ஆவாது. நீ போய் தறியைப் பாரு."

அவன் முகத்தில் பெரிய பாரம் இறங்கினது போலிருந்தது. போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே பால் பொங்கியது. வெயில் ஏறினதும் வடிவாம்பாள் தன் பங்கு அரிசியையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள்.

விறகு ஈரம். பற்ற வைத்தாள், அணைந்தது. மறுபடி வைத்தாள். புகை போக வழியேது? எதிர்ச்சுவரில் முட்டி அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. அவள்தானே ஓட்டை வேண்டாம் என்றாள்! சந்தில் வாளிச் சத்தம் கேட்டது, நாற்றம் வந்தது. நேர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் சுந்தரம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவக் கொல்லைக்கு வந்தான். புகைக்குள் அண்ணி இருப்பது தெரிந்து கிட்டே வந்தான்.

"சாப்ட்டீங்களா அண்ணி?" என்று கேட்டான்.

அவனுக்கு விவரம் தெரிந்த நாளாய் அந்தக் கேள்வியை அவள்தான் அவனைக் கேட்டிருக்கிறாள். அவன் கேட்டதே இல்லை, கேட்க அவசியம் வந்ததும் இல்லை.

"ஆச்சுப்பா" என்றாள் வடிவாம்பாள். உலை இன்னும் சூடுகூட ஏறவில்லை.