சந்தியின் அடியில் கிடந்த வழி

ஹோல்ம்போவுக்கு வருகிறவர்களைவிட அதைக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். எஸ்பியர்க்கிலிருந்து வடக்கே ஏறும் பெருந்தெருவும் பிராண்டேப் பக்கமிருந்து மேற்கே போகும் பெருந்தெருவும் அந்தச் சிறு டேனிஷ் நகரத்தின் வாசலில்தான் சந்திக்கின்றன. ஒரு காலத்தில் அது மாவட்டத் தலைநகர். மாவட்டத்தைக் கலைத்த பிறகு செங்கல் நீதிமன்றம் நூலகமாகிவிட்டது. மாவட்ட அதிபரின் வீட்டில் இப்போது பல் வைத்தியர் இருக்கிறார். மன்னாரிலிருந்து வந்த அந்தோனிதாசன் அங்கே குடியேறிப் பதினெட்டு வருடம். தெருப் போடும் கொம்பனியில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுகிறார்.

மே மாதம் சந்தியின் சுற்றுவட்டத்தைப் பெரிதாக்கத் தொடங்கினார்கள். ஒரு வியாழக்கிழமை காலை, ஒன்றரை மீற்றர் ஆழத்தில், பெக்கோவின் வாளி மணலை அள்ளியபோது அடியில் சாம்பல் நிறக் களிமண் வழுவழுவென்று தெரிந்தது. அதில் கோடுகள் இருந்தன. அந்தோனிதாசன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார்.

இரண்டு வண்டிச் சில்லுத் தடங்கள். நடுவே மாட்டுக் குளம்புகள். ஓரமாக, வெறுங்கால் சுவடுகள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. சற்று முன்தான் யாரோ நடந்து போனதுபோல இருந்தது. அவர் தன்னையறியாமல் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். மேலே லொறிகள் இரைந்துகொண்டு போயின.

மேற்பார்வையாளர் பிரெபென் வேலை பிந்துவதைப் பொறுக்காத மனிதர். அவரும் பள்ளத்துக்குள் பார்த்துவிட்டு நூதனசாலைக்குத் தொலைபேசி எடுத்தார். தொல்லியலாளர் கிர்ஸ்டன் வந்துசேர இரண்டரை மணித்தியாலம் ஆகுமாம். அதுவரை மழை படக்கூடாது. களிமண்ணில் எதுவும் முட்டவும் கூடாது.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தறப்பாளை விரித்தால் தண்ணீர் தேங்கி, தொங்கி, சுவடுகளில் படும். அந்தோனிதாசன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அவர் மனைவி கத்தரீனாவுக்கு அன்று ஓய்வு.

“இஞ்சேரும், கராஜில இருக்கிற கூடாரத்தைச் சந்திக்குக் கொண்டு வாரும். கெதியா.”

“வேலை செய்யிற இடத்தில என்ன பார்ட்டியோ?”

“இல்லையப்பா. வந்து பாரும். சொன்னா விளங்காது.”

பிறந்தநாளுக்கும் பிள்ளைகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் விழாவுக்கும் ஊரிலுள்ள நான்கு தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து வாங்கிய பெரிய வெள்ளைக் கூடாரம் அது. கத்தரீனா ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சோதனைக்குப் படிக்க லீவில் நின்ற மகள் கிளோறியாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கூடவே வந்தாள். பிரெபென் ஒரு மூலையைப் பிடித்தார். சந்தியைக் கடக்க வரிசையில் நின்ற இரண்டு லொறிச் சாரதிகள் கேட்காமலே இறங்கி வந்து கம்பிகளைத் தூக்கினார்கள். பள்ளத்தின் விளிம்புகளில் கால்களை ஊன்றிக் கூடாரத்தை நிறுத்தி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. போன மாதப் பிறந்தநாளின் பொன்னிறத் தோரணம் உள்ளே தொங்கியபடியே இருந்தது.

எல்லோரும் பள்ளத்தின் விளிம்பில் போட்ட பலகைகளில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். பெரிய சுவடுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சுவடுகள் இருந்ததை அப்போதுதான் கண்டார்கள். அவை கொஞ்சத் தூரம் கூடவே ஓடிவந்து, சட்டென்று நின்றுவிட்டன.

“எங்கே போய்விட்டது?” என்று கிளோறியா டேனிஷில் கேட்டாள். அவள் குரலில் சுளிப்பு இல்லை.

கத்தரீனா நெடுநேரம் பார்த்தாள். நாள் முழுக்க முதியவர்களைத் தூக்கி இறக்குகிறவள்.

“ஒரு இடமும் போகேல்ல” என்றாள். “பார் பிள்ளை, இதுக்குப் பிறகு பெரிய காலின்ர குதி ஆழமாப் பதிஞ்சிருக்கு. இடது பக்கம் இன்னும் ஆழம். அந்தச் சின்னப் பிள்ளை களைச்சுப் போச்சு. பெரிய ஆள் அதைத் தூக்கி இடுப்பில வைச்சுக்கொண்டு நடந்திருக்கு.”

கூடாரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. கிளோறியா அதை டேனிஷில் சொன்னபோது, ஒரு லொறிச் சாரதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கிர்ஸ்டன் நனைந்தபடி வந்தார். கத்தரீனா சொன்னதைக் கேட்டு, முழங்காலில் நின்று சுவடுகளை ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு ஆமென்று தலையை ஆட்டினார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் இருக்கலாம் என்றார். நடந்த அன்றோ மறுநாளோ காற்று மணலைக் கொண்டுவந்து மூடியிருக்க வேண்டுமாம். “இந்த நகரம் வருவதற்கு முன்பே இந்தச் சந்தி இருந்திருக்கிறது. வடக்கே போகிறவர்கள் அப்போதும் இதே வழியால்தான் போயிருக்கிறார்கள்.”

வேலை ஒன்பது நாள் நின்றது. பிள்ளையைத் தூக்கிய இடத்தை மட்டும் களிமண்ணோடு அறுத்து நூதனசாலைக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தைப் படம் எடுத்து, அளந்து, அப்படியே மூடச் சொன்னார்கள். தெரு போகத்தான் வேண்டும்.

பத்தாம் நாள் காலை அந்தோனிதாசன் பெக்கோவில் ஏறவில்லை. மண்வெட்டியால் மெல்லிய மணலை அள்ளி, ஒவ்வொரு சுவடாக நிரப்பத் தொடங்கினார். சீலை போர்த்துவதுபோல மணல் விரல்களுக்குள் இறங்கியது.

“இப்படிச் செய்தால் மத்தியானம் ஆகிவிடும்” என்றார் பிரெபென்.

“ஆகட்டும்.”

பிரெபென் வாகனத்துக்குப் போய் இன்னொரு மண்வெட்டியோடு திரும்பி வந்து, மாட்டுக் குளம்புகள் இருந்த பக்கமாகக் குனிந்தார்.