ஆர்டிஸ் போட்ட வழி

ஆர்டிஸுக்குப் பக்கவாதம் வந்தது அக்டோபரில். பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். வலது கை கொஞ்சம் மந்தம், பேசும்போது சில சொற்கள் நழுவிப் போகும், அவ்வளவுதான். கரண்டி என்று சொல்ல வாயெடுத்துச் சாவி என்பாள். லோவல் பேசாமல் கரண்டியை எடுத்துக் கொடுப்பான். இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கு அதுகூடவா தெரியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்தான் யோசனையை ஆரம்பித்து வைத்தாள். "எதையாவது திட்டம் போடச் சொல்லுங்க. தூரம், நேரம், சாமான் எல்லாத்தையும் யோசிச்சு அடுக்கட்டும். மூளைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது."

லோவல் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அப்ப கனடாவுக்கு வழி போடு," என்றான்.

ஆர்டிஸ் அவனையே பார்த்தாள். அவர்கள் ஊரான அனகோர்ட்டஸில் படகு வைத்திருக்கிற யாரும் ஒரு கோடைக்காவது எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்வராமல் இருப்பதில்லை. இவர்கள் மட்டும் போனதில்லை. கிட்டிவேக் என்று அவர்களுக்கு ஒரு படகு. சின்னதுதான், ஒரு டீசல் எஞ்சின், இரண்டு பேர் படுக்க இடம், ஒரே ஒரு பாத்திரம் வைக்கிற அளவுக்கு அடுப்பு. அதில் வருடா வருடம் ஸ்டூவர்ட் தீவு வரை போவார்கள். அமெரிக்கா அதோடு முடிகிறது. நங்கூரம் போட்டு, நண்டு பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, குன்றின்மேல் ஏறி எதிரே கனடாவின் பெண்டர் தீவைப் பார்ப்பார்கள். தொலைநோக்கி வைத்தால் அங்கே ஒருவன் காரைக் கழுவுவதுகூடத் தெரியும். நடுவில் இருக்கிற நீரிணையை மட்டும் தாண்டியதில்லை. ஒரு வருடம் காற்று சரியில்லை, ஒரு வருடம் எஞ்சினில் ஏதோ சத்தம், ஒரு வருடம் மகள் பிரிட்டாவுக்குப் பரீட்சை, இன்னொரு வருடம் லோவலின் அம்மாவுக்குக் கால் முறிவு. அடுத்த வருஷம் போலாம் என்று லோவல் சொல்வான். திரும்பி வந்துவிடுவார்கள்.

இப்போது அவனே சொல்கிறான், கனடாவுக்கு வழி போடு என்று.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடம் விரிந்து கிடந்தது. மூலைகள் சுருளாமலிருக்க உப்பு ஜாடி, மிளகு ஜாடி, லோவலின் கண்ணாடிக்கூடு. அவர்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடப் பழகிக்கொண்டார்கள். மந்தமான வலது கையால் பென்சிலைப் பிடித்து ஆர்டிஸ் கோடு போட்டாள். எந்தக் குறுகிய வழியில் நீரோட்டம் எப்போது அடங்கி நிற்கும், எந்தத் துறையில் சுங்கத்துக்குத் தொலைபேசி போட வேண்டும், சுங்கத்தில் விடாத எந்தப் பழத்தை எல்லைக்கு முன்னாலேயே தின்று தீர்க்க வேண்டும், எல்லாம் படித்தாள். சொற்களும் திரும்பி வந்தன. தலையணை என்ற சொல்லுக்கு முன்பே நங்கூரம் என்ற சொல் வந்துவிட்டது.

லோவலும் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாதாடினான். சால்ட்ஸ்பிரிங் தீவில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போயே ஆக வேண்டும் என்றாள் அவள்.

"அங்க துறையில இடமே கிடைக்காது. பூராப் பேரும் அன்னைக்குத்தான் வருவாங்க. வெள்ளிக்கிழமையே போய் இடம் பிடிக்கணும்."

"அப்ப முன்னால ஒரு தீவை விடணும். எதை விடுறது?"

"அந்த மணல் தீவை விடு. மணல்ல என்ன இருக்கு."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியில் அவள் விட்டுக்கொடுத்தாள். ரப்பரால் அழித்து வேறு கோடு போட்டாள். பிறந்தநாளுக்குப் போர்ட்லாண்டிலிருந்து பிரிட்டா ஒரு சின்னக் கனடாக் கொடி அனுப்பியிருந்தாள். அந்த நாட்டுத் தண்ணீருக்குள் நுழைந்ததும் படகில் ஏற்ற வேண்டிய கொடி. புதுக்கொடிதான், இருந்தாலும் ஆர்டிஸ் அதை இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள்.

படகை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் லோவலிடம் பதில் தயாராக இருந்தது. கொட்டகையில் போர்த்திக் கட்டியிருக்கிறார்கள், உள்ளே ஏற முடியாது. பிறகு, அடிப்பக்கம் பெயிண்ட் காய்கிறது, நாற்றம் உனக்கு ஆகாது. அவளும் சரி என்றாள்.

மே மாதத்தில் ஒரு நாள் லோவல் முடிவெட்டப் போயிருந்தான். வெயில் நன்றாக இருந்தது. படகுத்துறைக் கடையில் புதுக்கயிறு வாங்கலாம் என்று ஆர்டிஸ் நடந்தே போனாள். கடைக்குள் நுழையும் முன்பே பார்த்துவிட்டாள், மூன்றாவது வரிசையில் கிட்டிவேக் மிதந்துகொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். திருட்டுப்பய, சொல்லாமலே இறக்கிவிட்டிருக்கிறான். என்னை ஆச்சரியப்படுத்தத்தான். மரப்பாலத்தில் முடிந்த மட்டும் வேகமாக நடந்தாள். கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படகில் வைத்தபோது, உள்ளேயிருந்து ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஈரத்துணியோடு தலையை நீட்டினாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

ஆர்டிஸ் காலை எடுக்கவில்லை. "இது கிட்டிவேக்தானே?"

"ஆமாங்க. பேர் நல்லா இருக்குன்னு மாத்தாம விட்டுட்டேன். ஜனவரில வாங்கினது. நான் வாண்டா." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "ரொம்ப நல்லா வச்சிருந்தாங்க. லோவல்னு ஒருத்தர். விக்க மனசே இல்ல அவருக்கு. ஆனா என்ன பண்றது, வீட்டம்மாவுக்கு உடம்பு முடியல. புத்தியும் முன்ன மாதிரி இல்லையாம். படகு இருந்ததே இனிமே அவங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னார். பாவம்."

ஆர்டிஸ் காலை எடுத்து மரப்பலகைமேல் வைத்தாள். சொற்கள் நழுவுமோ என்று பயந்து மெதுவாகச் சொன்னாள்.

"அந்த வீட்டம்மா நான்தான்."

வாண்டாவின் கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

மாலையில் லோவல் மீன் வறுத்துக்கொண்டிருந்தான். முடிவெட்டிய பிடரி வெள்ளையாகத் தெரிந்தது. ஆர்டிஸ் கதவோரம் நின்றாள்.

"ஸ்டூவர்ட்லேர்ந்து காலைல எப்பக் கிளம்பலாம்?"

"தண்ணி நிக்குற நேரம் பாத்தியா?"

"எட்டேகாலுக்கு நிக்குது."

"அப்ப ஏழரைக்கே நங்கூரத்தைத் தூக்கணும். நீ காபியை வச்சுக்கிட்டு உறிஞ்சிக்கிட்டே இருப்பே, நான் கத்தணும்." சிரித்தான். நல்ல சிரிப்பு, மனசாரச் சிரித்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எந்தப் படகுல போறோம் லோவல்?"

மீனைத் திருப்பிப் போட்டான். "இதென்ன கேள்வி."

"சும்மாதான் கேட்டேன். கிட்டிவேக்ல வாண்டான்னு ஒருத்தி இருக்கா. என்ன வேணும்னு என்னையே கேட்டா."

அவன் அடுப்பை அணைத்தான்.

"எனக்குப் புத்தி கலங்கிருச்சுன்னா சொன்னே?"

"அப்படிச் சொல்லல. வசந்தம் வர்றதுக்குள்ள நீயே மறந்துருவேன்னு நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம்."

"எல்லாரும்னா? பிரிட்டாவுமா?"

அவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

"சந்தைக்கு எப்பப் போறதுன்னு ரெண்டு நாள் என்கூடச் சண்டை போட்டியே. அந்த மணல் தீவை விடச் சொன்னே. நானும் அழிச்சேன். எதுக்கு அது?"

"நீ கேட்டே, சொன்னேன்." திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "அந்த மேசைல உக்காந்தா நிஜமாவே போறோம்னுதான் எனக்கும் தோணும் ஆர்டிஸ். சத்தியமா."

"உனக்குத் தோணும். எந்திரிச்சதும் போயிரும். எனக்குப் போகலையே."

பிரிட்டாவைத் தொலைபேசியில் பிடித்தாள். அம்மா, உன் நல்லதுக்குத்தான், நடுக்கடல்ல உனக்கு மறுபடி ஏதாவது ஆனா அப்பா என்ன பண்ணுவார், என்று அவள் அழுதாள். ஆர்டிஸ் குறுக்கே பேசாமல் எல்லாம் கேட்டாள். "சரிம்மா. பயந்தே, புரியுது. கொடி எதுக்கு அனுப்பினே?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் அழுகை நின்றது.

அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு பிரிட்டாவின் பழைய அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் டாக்டரிடம் தனியாகப் போனாள். படகில் போகலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றார் அவர். தனியாக வேண்டாம், சுக்கான் பிடிக்க வேண்டாம், மாத்திரையை விடக் கூடாது. பிறகு வியப்போடு சேர்த்துச் சொன்னார், "இதை லோவல்கிட்ட ஜனவரிலயே சொல்லிட்டேனே. அவர் வந்து கேட்டாரே."

வீட்டுக்கு வந்து லோவலின் முன்னால் நின்றாள். இந்த முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குப் பயம் ஆர்டிஸ். அந்தத் தண்ணியைக் கண்டா எப்பவுமே பயம். நடுவுல அந்தப் பெரிய கப்பலுங்க, நீரோட்டம், சுழல். உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எஞ்சின்ல சத்தம் வந்துச்சே, அது?"

"வரல."

"உங்கம்மா கால்?"

"கால் ஒடைஞ்சது நெசம்தான். ஆனா நாம போறதுக்குள்ள சரியாயிருச்சு."

அவள் உட்கார்ந்தாள். பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேலி செய்திருப்பாள், பிறகு பெரிய படகில் யாரோடாவது சேர்ந்து போயிருப்பார்கள். அவன் அதைச் சொல்லவில்லை. கடைசியில் அவளுக்கு நோய் வந்தது, அது அவனுக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. பயந்தவன் அவன், புத்தி கெட்டவள் என்ற பேர் அவளுக்கு. இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வாயில் வந்தது வேறு ஏதோ சொல். எழுந்து போய்விட்டாள்.

வாண்டாவை ஆர்டிஸே தேடிப் போனாள். வாண்டா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். விவாகரத்தானபின் வாழ்க்கையில் ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று படகை வாங்கியவள். துறையைவிட்டு வெளியே இரண்டு தடவைதான் போயிருந்தாள். "நாப்பது அடி பஸ்ஸை எந்தச் சந்துலயும் திருப்பிருவேன். இதுல பிரேக்கே இல்லையேங்க," என்றாள்.

ஆர்டிஸ் சுருட்டிய வரைபடத்தை அவள் முன்னால் விரித்தாள். "நான் சுக்கானைத் தொடக் கூடாது. நீங்க புடிங்க. எங்க, எப்பன்னு நான் சொல்றேன். கனடா போகணும்னு ஆசை இருக்கா?"

வாண்டா பென்சில் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "இந்த மணல் தீவு வேண்டாம்னு அழிச்சிருக்கீங்களே?"

"வேணும்," என்றாள் ஆர்டிஸ். பென்சிலைக் கேட்டு வாங்கினாள்.

பள்ளி விடுமுறை விட்ட வாரம் கிளம்பினார்கள். முந்தின நாள் லோவல் அறைவாசலில் வந்து நின்றான். "நானும் வரேன். கீழ தரையில படுத்துக்கறேன்." அவன் நிஜமாகத்தான் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னாலென்றால் பார்த்ததும் தெரிந்திருக்கும்.

"வேண்டாம் லோவல்."

அவன் முகத்தில் வருத்தம் வந்தது. அதற்கு முன்பாக இன்னொன்று வந்து போனது. நிம்மதி. அவள் அதையும் பார்த்தாள்.

ஸ்டூவர்ட் தீவில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் ஆர்டிஸ் சொன்ன நேரத்துக்கு நங்கூரத்தைத் தூக்கினார்கள். வாண்டா சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். தீவின் முனையைத் தாண்டியதும் நீரிணை திறந்தது. காற்று இல்லை. தண்ணீர் வெள்ளித்தட்டு மாதிரி கிடந்தது. வடக்கே வெகுதூரத்தில் ஒரு சரக்குக்கப்பல். அது போகும்வரை எஞ்சினைக் குறைக்கச் சொன்னாள் ஆர்டிஸ், குறைத்தார்கள், அது போயிற்று. நடுவில் ஓரிடத்தில் நீரோட்டம் லேசாகச் சுழித்தது, படகின் மூக்கு கொஞ்சம் திரும்பியது, வாண்டா நேராக்கினாள். ஒரு நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கியது. பெண்டர் தீவின் மரங்கள் தனித்தனி மரங்களாகின.

"வந்துட்டோமா?" என்றாள் வாண்டா.

"வந்துட்டோம்."

"அவ்வளவுதானா? காபிகூட ஆறல."

ஆர்டிஸ் படகின் பின்பக்கம் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. புயலில் சிக்கியிருந்தால், அலையில் நனைந்திருந்தால், லோவலை மனசின் ஏதாவது ஒரு மூலையில் மன்னித்திருப்பாள். இதற்கா? இந்தத் தட்டையான தண்ணீருக்கா இத்தனை கோடைகளையும் கொடுத்தோம்? வாண்டா மெதுவாகத் துறையை நோக்கிப் படகைத் திருப்பினாள்.

சுங்கத்துக்காரர்கள் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். துப்பாக்கி இருக்கிறதா, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டு ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஆர்டிஸ் வீட்டுக்குத் தொலைபேசி போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எப்படி இருந்துச்சு? அலை அதிகமோ?"

கொஞ்சம் இருந்தது என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்குவரை வந்தது. அவனுக்கு ஆறுதலாக இருக்கும், அவளுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

"அலையே இல்ல லோவல்," என்றாள். "காபி ஆறுறதுக்குள்ள வந்துட்டோம்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மணல் தீவில் இரண்டு நாள் இருந்தார்கள். சந்தை நாளில் துறைக்கு வெளியேதான் படகு நிறுத்த இடம் கிடைத்தது, லோவல் சொன்னது அதில் சரிதான். வாண்டா ஒரு தடவை படகைப் பாறையில் லேசாகத் தட்டினாள், பெரிய சேதமில்லை. சில நேரம் ஆர்டிஸ் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஏதோ நினைவுக்கு வந்து முகம் மாறும். திரும்பி வந்தபோது லோவல் துறையில் நின்று கயிற்றை வாங்கிக் கட்டினான். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவன் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள்.

அவர்கள் பிரியவில்லை. குளிர் தொடங்கியதும் அவள் தங்கள் படுக்கையறைக்கே திரும்பி வந்துவிட்டாள். பிரிட்டாவின் கட்டில் முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டா நவம்பரில் நன்றித் திருநாள் விடுமுறைக்கு வந்தாள், மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். லோவல் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறான், எதையும் மறைப்பதில்லை என்று காட்ட ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறான். ஆர்டிஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறாள். ஆனால் மழை வரும்போல இருக்கிறது என்று அவன் சொன்னால்கூட, எழுந்து ஜன்னல்வரை போய் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.