யாருக்குச் சிலிர்த்தது

காலையில் திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் போகும் ரயிலில் எங்கள் பஜனை கோஷ்டிக்கென்று ஒரு பெட்டி உண்டு. எழுதி ஒட்டியதில்லை, ஆனாலும் அந்த சீட்டுகளில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கங்காதரன் பாடுவார். அய்யாசாமி அண்ணன் டோலக். நான் ஜால்ரா. ஆபீசில் ஜால்ரா அடித்தே முன்னுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். நான் நிஜமாகவே அடிக்கிறவன், இன்னும் பின்னால்தான் இருக்கிறேன்.

என் மனைவி பத்மா எனக்கு அத்தை மகள். வேப்பேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நெமிலிச்சேரியில் என்னோடு ஏறுகிறாள். லேடீஸ் பெட்டியில் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனாலும் எங்கள் பெட்டிக்கே வந்து எனக்கு எதிரில் உட்காருவாள். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன்.

கங்காதரன் முதலில் தாளமில்லாமல் ஒரு விருத்தம் பாடுவார். அதுவரை ஒன்றும் ஆகாது. பிறகு டோலக் சேரும், நான் சேருவேன், பாட்டு சூடு பிடித்து சரணம் மேலே ஏறும். நான் ஜால்ராவை ஓங்கி அடிப்பேன். அப்போது பத்மாவின் கையில் பூனைமுடி அத்தனையும் எழுந்து நிற்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். இமையோரம் தண்ணீர் வரும். கங்காதரனும் இதைக் கவனித்திருந்தார். அந்த இடம் வந்தால் இன்னும் ஒரு சுற்று சுற்றுவார்.

"ஜெகா, உன் ஊட்டுக்காரம்மாவப் பாரு, எப்டி சிலுத்துக்கினு கீது" என்றார் அய்யாசாமி அண்ணன். "பாட்டக் காதால கேக்கறவன் எல்லா ஊர்லயும் கீறான். இது உடம்பால கேக்குது." புகழ்ந்துதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னால் அவள் கையில் ஒரு முடி எழுந்திருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பருப்பு தாளிக்கும்போது பக்கத்தில் போய் நின்று அதே பாட்டைப் பாடிப் பார்த்தேன். கண்ணை அவள் கையிலேயே வைத்திருந்தேன். கை வழவழவென்று கிடந்தது.

"நல்லாத்தான் பாடற மாமா. கொஞ்சம் நவுறு, கடுகு தெறிக்கும்" என்றாள்.

கங்காதரன் பாடினால் கண்ணீர், நான் பாடினால் கடுகு. அவர் மேல் குற்றம் கண்டுபிடிக்கவும் வழியில்லை. வழுக்கைத் தலை, மடியில் டிபன் பாக்ஸ், பத்மாவிடம் "நல்லா கீறியாம்மா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். குரலின் சட்டையை எப்படிப் பிடிப்பது?

போன திங்கட்கிழமை ஜால்ராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கை வலி என்றேன். பாட்டு சப்பென்று போகட்டும், அவள் கையும் சும்மா கிடக்கட்டும் என்பது என் திட்டம்.

அன்றைக்கென்று பார்த்து அவர் குரல் பிரமாதமாக இருந்தது. அம்பத்தூரில் இறங்க வேண்டிய ஒருவர் கேட்டுக்கொண்டே நின்று கொரட்டூர் போய்விட்டார். பத்மாவின் கையைப் பார்த்தேன். ஒரு முடிகூட எழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தால், அவள் கங்காதரனையே பார்த்துச் சிரித்தபடி தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறாள். இதற்கு அந்தச் சிலிர்ப்பே தேவலாம் என்றாகிவிட்டது.

சென்ட்ரலில் இறங்கியதும் என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"இன்னிக்கு மட்டும் ஏன் உனக்கு சிலிர்க்கல?"

"இன்னாது?"

"டெய்லி கங்காதரன் பாட்டுக்கு கைமுடி நட்டுக்கினு நிக்குமே. கண்ணுல தண்ணி வருமே."

கூட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டாள். "அது பாட்டுக்கு இல்ல மாமா. உன் ஜால்ராவுக்கு."

ஒரு நொடி எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"சின்னதுலேந்து எனக்கு அப்டித்தான்" என்றாள். "தட்டுல கரண்டியச் சொறண்டினாலே பல்லு கூசும். நீ ஓங்கி அடிப்பே பாரு, உடம்பெல்லாம் கூசி முடி எழுந்துக்கும். இன்னிக்குத்தான் அந்த மனுசன் இன்னா பாடறாருன்னே காதுல வுழுந்துது. நல்லாத்தான் பாடறாரு."

"அப்ப லேடீஸ்ல போவ வேண்டியதுதானே? எதுக்கு என் எதிர்ல வந்து ஒக்காந்தே?"

"பாட்டு வந்தா எல்லாரும் சாமிய நெனச்சிக்கினு கீறாங்க. நீ மட்டும் என்னையே பாத்துக்கினு அடிக்கறே. ஊட்ல எப்பப் பாரு போனு. அங்கதான் என்னப் பாக்கறே. எனக்கோசரம்தான் அடிக்கறேன்னு நெனச்சேன்."

நான் ஏன் பார்த்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மறுநாள் ஜால்ராவை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். ரயிலில் உட்கார்ந்ததும் பத்மா தன் ஹேண்ட்பேக்கிலிருந்து அதை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அடி மாமா. நான் பல்லக் கடிச்சிக்கிறேன்."

பாவம் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். மெதுவாக அடித்தால் பாட்டு கேட்கிறது. அவள் முகம் கங்காதரன் பக்கம் திரும்பியது, விரல் தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தது. சரணம் மேலே ஏறியபோது ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு, ஓங்கி அடித்தேன். சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கைமுடி எழுந்து நின்றது.

கங்காதரன் பூரித்துப்போய் இன்னும் ஒரு சுற்று சுற்றினார். அவருக்கென்ன தெரியும். அது எனக்குச் சிலிர்த்தது.