டூலன் இரட்டையரின் வயது

பெரிண்டாவில் ஒரே காலையில் பிறந்த டூலன் இரட்டையரில், க்ளென்னுக்கு முப்பது வயது முடிந்த ஆண்டில் ராஸுக்குப் பதினாறுதான் ஆகியிருந்தது. இதை விசாரிக்க வெளியூரிலிருந்து யாரும் வரவில்லை. கோதுமை விலை விழுந்த ஆண்டு அது. இறைச்சித் தொழிற்சாலையை மூடப்போவதாகவும் பேச்சு இருந்தது. எங்கள் ஊருக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன.

பதினாறு வரைக்கும் இருவரும் சேர்ந்தேதான் வளர்ந்தார்கள். அப்பா ஃபிராங்க் டிராக்டர் கவிழ்ந்து இறந்தபோது அவர்கள் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா நோரீன் இறைச்சித் தொழிற்சாலை உணவகத்தில் சமைத்தாள். பெரிண்டாவில் பையன்களுக்கு ரக்பி லீக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகும்போதே அதுவும் வந்துவிடும். இவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தது. எதிராளிகள் மூன்று பேர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுக்கும்போது, க்ளென் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பின்னால் எறிவான். பந்து போய்ச் சேரும் இடத்தில் ராஸ் இருப்பான். அதற்குப் பிறகு ராஸை யாராலும் பிடிக்க முடியாது. மைதானத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்தி உள்ளிருந்தே ஆட்டம் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஹார்னை அழுத்துவார்கள். ஹார்ன் சத்தமெல்லாம் ஓடுகிறவனுக்குத்தான் கிடைத்தது, எறிந்தவனுக்கு இல்லை.

சிட்னியின் வாட்டில் பே க்ளப்பிலிருந்து மெல் பார்மன் என்பவர் வந்ததும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். வாட்டில் பே பணக்கார க்ளப். அதன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் கோதுமைக் கிடங்கைவிடப் பெரிய கூடமும், அது நிறையக் காசு விழுங்கும் சூதாட்ட இயந்திரங்களும் இருந்தன. ஓய்வூதியக்காரர்கள் காலையிலிருந்து அவற்றின் முன் உட்கார்ந்து கைப்பிடியை இழுப்பார்கள். அந்தக் காசில் க்ளப் ஆஸ்திரேலியா முழுவதும் பையன்களை வாங்கியது. பார்மன் நோரீனின் சமையலறையில் உட்கார்ந்து தேநீரும் பழக் கேக்கும் சாப்பிட்டார்.

"ரெண்டும் ஒரே அச்சு. ஒருத்தன மட்டும் ஏன் கேக்கறீங்க?" என்றாள் நோரீன்.

"ஓடுறவன் போதும் நோரீன். எறியுறதுக்கு எங்ககிட்ட ஏகப்பட்ட பேர் இருக்காங்க."

"இவன் எறியலன்னா அவன் எங்கருந்து ஓடுவான்?"

பார்மன் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார். ராஸ் க்ளென்னைப் பார்த்தான். க்ளென் தரையைப் பார்த்துக்கொண்டே, "போடா. ரெண்டு வருஷத்துல உன்ன டிவில பாத்துட்டு, இவன் எங்க வீட்ல சொம்மா சாப்டுட்டுத் தூங்கினவன்னு ஊர் பூரா சொல்றேன்" என்றான். ராஸுக்கு ஈடாக எங்கள் க்ளப்புக்கு ஒரு பை நிறையப் புதுப் பந்துகள் வந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் மகள் மெரில் ராஸை வழியனுப்ப ரயிலடிக்கு வந்திருந்தாள். முதல் அணியில் இடம் கிடைத்ததும் கல்யாணம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பார்மன் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதே வாரம் இன்னொரு சிட்னி க்ளப்பின் ஆளும் பெரிண்டாவுக்கு வருவதாக இருந்தது. ராஸ் தங்களுக்கு வேண்டும் என்பதைவிட, அவர்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் வாட்டில் பேயின் கணக்கு. க்ளப்புக்குப் பின்னால் இருந்த செங்கல் விடுதியில் இப்படி வாங்கப்பட்ட பையன்கள் அறைக்கு நான்கு பேராக இருந்தார்கள். காலையில் பயிற்சி; மாலையிலும் பயிற்சி; சனிக்கிழமைகளில் க்ளப் கோட்டு போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டும். பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் புதியவர் தனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களை நியூசிலாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ நல்ல விலைக்கு வரவழைத்தார். விடுதிப் பையன்களின் தோளில் தட்டி, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அந்த அடுத்த வருஷம் வரவில்லை. ஆகவே பையன்களுக்கு வயதும் வரவில்லை.

விடுதியில் யாரும் இதை மறைக்கவில்லை. க்ளப் மருத்துவர் ஆண்டுதோறும் உயரத்தை அளந்து, போன ஆண்டின் அளவே இருப்பதைக் கண்டு, "அப்படியே வச்சிருக்கான்யா உடம்ப!" என்று பாராட்டுவார். விரெமு என்ற நியூசிலாந்து மாவோரிப் பையனுக்கு ஏழெட்டு வருடங்களாகக் குரல் உடைந்துகொண்டே இருந்தது. எப்போதாவது யாருக்காவது காயம்பட்டு விடுதிப் பையன் ஒருவனுக்கு ஒரு முழு ஆட்டம் கிடைத்தால், வராமல் நின்ற வயதெல்லாம் அந்த ஒரே மாலையில் அவனுக்கு வந்து சேர்ந்துவிடும். மறுநாள் காலை அவன் பக்கத்து அறையில் போய்ச் சவரக்கத்தி கேட்பான். மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள்.

ராஸ் கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் நோரீன் ஒரு அளவு பெரிதாகச் சட்டை வாங்கி வைத்திருப்பாள். அது தொளதொளவென்று இருக்கும். "அங்க சோறு போடுறாங்களா இல்லையா?" என்பாள். அவனுக்கு ஆட்டுக்கறி வறுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். நான்கைந்து கிறிஸ்துமஸ் கழிந்ததும் சட்டை வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

மெரில் இருபத்திரண்டாவது வயதில் தானே ரயிலேறிச் சிட்னிக்குப் போனாள். கடற்கரையில் ஒரு தேநீர்க் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ராஸ் அவளிடம் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் தன் பெயர் வந்துவிட்டதாகச் சொன்னான். பரிமாற வந்த பெண் மெரிலைப் பார்த்து, "உங்களுக்குத் தேநீர். தம்பிக்கு என்ன வேணும், மில்க் ஷேக்கா?" என்றாள். மெரில் சிரிக்க முயன்றாள். திரும்பி வந்து இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து, தன் இருபத்துநாலாவது வயதில், க்ளென் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான். அவள் நெடுநேரம் யோசித்து, சரி என்றாள். அந்தக் கல்யாணத்துக்கு ராஸால் வர முடியவில்லை. அன்று மாற்று வரிசையில் அவன் பெயர் இருந்தது. அவனை இறக்கவில்லை.

இதற்கிடையில் ஆண்டுக்கு ஒரு கார் சிட்னியிலிருந்து பெரிண்டாவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பையன் போனான். ஒரு பை பந்துகள் வந்தன. எங்கள் க்ளப்பின் தகரக் கொட்டகை பந்துகளால் நிரம்பி, கதவைச் சாத்த முடியாமல் போயிற்று. ஆட ஆள் இல்லை. பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியை முதலில் கலைத்தோம்; பிறகு பதினெட்டு. பெரியவர்களின் அணியில் முதுகு பிடித்துக்கொண்டவர்களும் மூட்டு தேய்ந்தவர்களும் ஆடினார்கள். க்ளென் அவர்களில் ஒருவன். தொழிற்சாலையில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எலும்பிலிருந்து இறைச்சி வெட்டிவிட்டு, சனிக்கிழமைகளில் பந்தைப் பின்னால் எறிவான். எறியும் முன் இப்போது திரும்பிப் பார்த்துக்கொள்வான்.

கடைசியில் வாட்டில் பேயும் இன்னொரு பெரிய க்ளப்பும் ஒன்றாகச் சேர்ந்தன. விடுதியை இடித்து, சூதாட வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடம் செய்தார்கள். பையன்களைப் பேருந்துகளில் ஏற்றி அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். ராஸ் ஒரு பையோடு வந்து கதவைத் தட்டினான். நோரீன் கைத்தடியை ஊன்றி வந்து திறந்து, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்டியா?"

"இல்லம்மா."

"உள்ள வா."

அந்த வாரம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். கொடுத்த மகன் கொடுத்தபடியே திரும்பி வந்தது தனக்கு மட்டும்தான் என்று கடைக்காரரிடம் சொன்னாள். மதுக்கடை நடத்தும் டெஸ் மட்டும் அவனிடம், "உன் பிறப்புச் சான்றிதழ்ல முப்பதுன்னு இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா உன் மூஞ்சியப் பாத்து பீர் ஊத்தினேன்னு வை, என் லைசென்ஸ் போயிடும்டா" என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தார். வேலை கேட்டுப் போன இடங்களில் பள்ளிக்கூடம் போகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகச் சொன்னார்கள். க்ளென் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் மெரில் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு முன்நெற்றியில் ஒரு நரை இருந்தது. ராஸ் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பும்போது நோரீன் காருக்குள்ளேயே அழுதாள். "எனக்கு எழுபது ஆகப்போகுது க்ளென். நான் போயிட்டா இவன யாருடா வளப்பாங்க?"

"நான் இருக்கேன்ல?"

"உன்கூடப் பொறந்தவன்டா அவன்."

பின்னிருக்கையில் இருந்த ராஸ் இதைக் கேட்டான். அந்த ஆட்டப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குப் பதின்மூன்று பேர் வேண்டும்; எங்களிடம் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். செயலாளர் வின்ஸ் வீடுவீடாக ஆள் தேடிக்கொண்டிருந்தார். ராஸ் அவரிடம் போய்ப் பெயர் கொடுத்தான். வின்ஸுக்கும் விஷயம் தெரியும். "உங்கம்மாட்ட கேட்டியா?" என்றார். ராஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டான்.

"வேணான்டா. ஒரே சாயங்காலத்துல பதினாலு வருஷம் போயிடும்."

"அது எப்பவோ போயிடுச்சும்மா. எங்கிட்ட இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான்."

நோரீன் அலமாரியைத் திறந்தாள். க்ளென்னின் பழைய காலணிகளை எடுத்து, முன்பக்கம் துணி அடைத்து, ராஸின் காலருகே வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் மைதானத்தைச் சுற்றி வழக்கத்தைவிட அதிகக் கார்கள் நின்றன. முதல் முறை எறியும்போது க்ளென் திரும்பிப் பார்த்தான். பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன்னை நோக்கிக் கை நீட்டுவதைக் கண்டதும் பந்து க்ளென்னின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "பாக்காத! எறி!" என்று ராஸ் கத்தினான். அடுத்த முறை க்ளென் பார்க்கவில்லை. ராஸ் பந்தோடு ஓடினான். எங்கள் கண்ணெதிரே அவனுக்குப் பதினேழும் பதினெட்டும் ஆயின. மூன்று பேர் அவனை வீழ்த்தினார்கள். எழுந்தபோது தோள் அகன்று ஜெர்சியின் தையல் விட்டிருந்தது. இடைவேளைக்குள் தாடி முளைத்தது. காலணிக்குள் அடைத்த துணியை எடுத்து வெளியே போட்டான். இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து வரை அவன் ஓடியதைப் போல எங்கள் மைதானத்தில் அதற்கு முன்பும் பிறகும் யாரும் ஓடியதில்லை. சிட்னியில் ஆட வேண்டிய வருடங்கள் அவை. கால் மணி நேரத்தில் முடிந்தன. அதற்குமேல் மூச்சு வாங்கினான். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டான். முன்தலையில் முடி பின்வாங்கியது. கடைசி நிமிடங்களில் க்ளென் பார்க்காமல் எறிந்த பந்து அவனுக்கு ஓரடி முன்னால் போய் விழுந்தது. நாங்கள் நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து இருவரும் சேர்ந்து நடந்து வந்தபோது, பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு யார் யாரென்று தெரியவில்லை. கையைப் பார்த்தால் தெரியும். க்ளென்னின் கையில் கத்தித் தழும்புகள். ராஸின் கையில் ஒன்றுமில்லை. நோரீன் காரை விட்டு இறங்கவில்லை. ராஸ் குனிந்து ஜன்னலில் முகத்தைக் காட்டியதும், அவனுடைய தாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குளிரப்போகுது, சட்டையப் போடு" என்றாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள்.

திங்கட்கிழமை ராஸுக்குக் கோதுமைக் கிடங்கில் வேலை கிடைத்தது. உடம்பில் முப்பது வயது இருந்ததே தவிர, அந்த வயதுகளில் நடந்த எதுவும் அவனிடம் இல்லை. மாலையில் க்ளென் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வருடமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"பத்தொம்போதுல என்ன பண்ணோம்?" என்றான் ஒரு நாள்.

க்ளென் பீரைக் கீழே வைத்தான். "பத்தொம்போதுலயா? அந்த வருஷம் வெள்ளம் வந்துச்சு. ஊரே பாலத்து மேல ஏறிப் படுத்திருந்தோம். அம்மா வரமாட்டேன்னு அடம். தூக்கிட்டுப் போனேன்." ராஸைப் பார்த்தான். "தூக்கிட்டுப் போனோம். நீ கால் பக்கம் பிடிச்ச."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நைட்டு பூரா குறட்ட விட்ட. யாரும் தூங்கல."

கதவுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு மீண்டும் கேட்டது. இப்படி ஒரு குளிர்காலம் முழுக்க அவன் எல்லா வயதையும் கேட்டு முடித்தான். இருபத்துநாலை மட்டும் கேட்கவில்லை. க்ளென்னும் இருபத்துமூன்றை முடித்ததும் இருபத்தைந்தைத் தொடங்கிவிடுவான்.

அடுத்த வசந்தத்தில் ராஸ் முடிவெட்டப் போனபோது, தன் அம்மாவைப் பாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போன கதையை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். கால் பக்கம் பிடித்ததையும் தண்ணீர் இடுப்பளவு வந்ததையும் சொன்னான். முடிவெட்டும் ஆல்ஃப், வெள்ளம் வந்த அந்த இரவில் அதே பாலத்தில் அவர்களுக்கு அடுத்தாற்போல் படுத்திருந்தவர். அவர் கத்தரியை நிறுத்தி, கண்ணாடியில் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாமா, அன்னிக்கு என்ன குளிரு!" என்றார். காத்திருந்த இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆல்ஃப் அவனுடைய காதோரத்தைச் சரிசெய்யத் தொடங்கினார்.