நல்லசாமி பிடித்திருந்த ஏரியல்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் டிவி தெரியாது. அந்தப் பக்கம் கோலாலம்பூர், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு மலை. பத்தாங் காலி சாலையிலிருந்து பதினோரு மைல் உள்ளே கிடக்கும் எங்களை மனிதர்களே தேடி வருவதில்லை, படம் மட்டும் மலையேறி வந்துவிடுமா? 1984 தீபாவளி வரைக்கும் அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நல்லசாமியண்ணன் என் இஞ்சின் கொட்டகைக்கு வந்தார். நான் தோட்டத்து இஞ்சின் டிரைவர், பெயர் உடையப்பன். மாலை ஆறரைக்கு இஞ்சினைக் கிளப்பிப் பத்து மணிக்கு நிறுத்துவது என் வேலை. லயம் என்று நாங்கள் சொல்லும் மூன்று வரிசை வீடுகளுக்கும் அந்த மூன்றரை மணி நேரம்தான் கரண்டு. வந்தவர் ஒரு கடிதத்தை நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏற்கெனவே யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும், ஆனாலும் நான் ஒருமுறை படிக்க வேண்டும் என்று நின்றார்.

கடிதம் ரவாங்கிலிருந்து வந்திருந்தது. எழுதியவள் சந்திரிகா, அவருடைய மகள் லெட்சுமியோடு தொழிற்சாலையில் வேலை செய்தவள். தொழிற்சாலைப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஆடிய கோலாட்டத்தைத் தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு டிவியில் போடுகிறார்களாம். செப்டம்பரிலேயே பதிவு செய்துவிட்டார்களாம். லெட்சுமி முன் வரிசையில் நிற்கிறாளாம்.

பதிவு முடிந்த பதினைந்தாவது நாள், சுங்கை சோ பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த லெட்சுமி மேல் ஒரு லோரி ஏறிவிட்டது. பெட்டியில் வைத்து மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா இராஜம்மாக்கா பெட்டியின் மேல் விழுந்து, "ஒரு தடவ காட்டுங்கடா, மூஞ்சிய மட்டும் காட்டுங்கடா" என்று கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. காட்டவில்லை. வீட்டில் இருந்தது ஐசி என்கிற அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது.

"உடையப்பா, அவ அம்மா ஒரு தடவ பாத்துட்டாப் போதும்லா" என்றார் அண்ணன். "நீ ஏதாச்சும் செய்."

நான் சுலபத்தில் இரங்குகிற ஆள் இல்லை. என் மனைவி திலகத்தைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வாள். ஆனால் அன்றைக்கு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லோரி ஓட்டும் சேது, ரவாங்கில் இருக்கும் தன் மச்சான் வீட்டிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளை டிவியை இரவல் வாங்கி, சாக்கு சுற்றிக் கொண்டுவந்தான். கூடவே ஏரியலும் தட்டை வயரும். முதலில் லயத்துக் கூரையில் ஏரியலைக் கட்டினோம். புள்ளியும் இரைச்சலும்தான். தண்ணீர்த் தொட்டி மேல் கட்டினோம், அதே இரைச்சல். சரிதான், மலைக்கே போவோம் என்று வயரை ரப்பர் மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே பாதி மலை ஏறினோம். லயத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அங்கேதான் முதன்முதலாக ஒரு மனிதக் குரல் கேட்டது.

பாறையில் குழி விழவில்லை. ஏரியலைக் கட்டிய தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கல் அடுக்கி நிறுத்தி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். காற்று அடித்தால் குழாய் ஆடும், குழாய் ஆடினால் படம் ஓடிவிடும். ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் படமும் நின்றது.

"நான் புடிச்சுக்கிறேன்" என்றார் நல்லசாமியண்ணன்.

"அப்ப ஒங்களால பாக்க முடியாதேண்ணே" என்றேன்.

"அவ பாக்கட்டும்."

நான்கு மாலை ஒத்திகை பார்த்தோம். மேலே பாறையில் அண்ணன், பாதி வழியில் எங்கள் லயத்துச் சன்னாசி, கீழே டிவிக்கு முன்னால் நான். நான் "இடது!" என்று கத்துவேன், சன்னாசி அதை மேலே கத்துவான், அண்ணன் குழாயைத் திருப்புவார். நான்காம் நாள் செய்தி வாசித்தவரின் மூக்குக் கண்ணாடிகூடத் தெரிந்தது. இராஜம்மாக்கா திரையைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு தெளிவாவா தெரியும்?" என்று கேட்டார். மகள் போன பிறகு அவர் அழாமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது ஐந்து மணிக் கரண்டு. தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி கார்த்திகேசு முகத்தைச் சுளித்துக்கொண்டே, "ஒரு மணி நேரம், நல்லசாமி வீட்டுக்கு மட்டும். மத்த ப்யூசெல்லாம் கழட்டி வச்சிரு" என்று சம்மதித்தார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் இஞ்சின் சின்னது, மின்சார இஸ்திரிப் பெட்டிக்குத் தோட்டத்தில் தடை. தடை என்றால் என்ன, வீட்டுக்கு ஒரு பெட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கத்தான் செய்தது. ராத்திரியில் எவளாவது அதைச் சொருகினால் லயம் முழுக்க விளக்கு மங்கிவிடும், மேஸ்திரி வேலை பார்க்கும் மண்டோர் கதவு கதவாக வந்து முகர்ந்து பார்ப்பார். பகலில் கரண்டு வந்தால்? எரிகிற விளக்கே இல்லை, மங்குவதை யார் பார்ப்பது?

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை, திலகத்துக்குத் தோன்றியது. தீபாவளிக்கு முதல் நாள் மதியம் சோறு போட்டுக்கொண்டே, "நம்ம லயத்து ப்யூசப் புடுங்கிறாதீங்க. ஒங்க தீபாவளிச் சட்ட ஒன்னுதான். அஞ்சு நிமிஷம்" என்றாள்.

"கிராணிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்."

"யாரு சொல்லப் போறா? நான் என்ன ஊரக் கூட்டியா தேய்க்கப் போறேன்?"

ஒரு பெட்டிதானே, இஞ்சின் தாங்கும் என்று நினைத்தேன். எங்கள் லயத்தை மட்டும் விட்டுவிட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்களே என்று மூன்று லயத்து ப்யூசையும் அப்படியே விட்டேன். இன்றைக்குவரை என்னால் இதை விளக்க முடியவில்லை. சோம்பலும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டதுதான்.

நாலே முக்காலுக்கு இஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓடிவந்தேன். அந்த வீட்டுக்குத் தீபாவளி இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஆனால் கூடம் நிறைய ஆட்கள். இராஜம்மாக்கா குளித்து, துவைத்த புடவை கட்டி, திரைக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குப் படம் வந்தது, பளிச்சென்று. அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார், ஒருவர் பாடினார். பிறகு, "அடுத்து ரவாங் தொழிற்சாலைப் பெண்களின் கோலாட்டம்" என்று அறிவித்தார்கள்.

கோல் தட்டும் சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் படம் நாலு பக்கமும் சுருங்கியது. முதலில் ஒரு கையகலம் கறுப்பு ஓரம், பிறகு இன்னும். பெண்கள் விரல் நீளத்துக்கு ஆகிப்போனார்கள், முகங்கள் கரைந்தன.

"எதுப்பா லெச்சுமி? தம்பி, இதுல எதுப்பா?" இராஜம்மாக்கா திரையோடு ஒட்டிக்கொண்டார்.

நான்கு நாள் பழக்கம், எதுவென்றாலும் ஏரியல்தான். "இடது! இடது!" என்று கத்தினேன். "போதாது, வலது! அண்ணே, நேராப் புடிங்க! நேரா!" சன்னாசி ஒவ்வொன்றையும் மேலே கத்தினான். மேலிருந்து அண்ணன் ஏதோ பதில் கத்தினார். படம் இன்னும் சுருங்கியது.

அப்போதுதான் இஞ்சின் சத்தம் காதில் விழுந்தது. பாரம் ஏறிய மாடு மாதிரி முக்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். இரண்டு லயத்தைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு கதவும் சாத்தியிருந்தது, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் கஞ்சி போட்ட துணி சூடாகும் வாசனை வந்தது. ஒன்றா, இரண்டா! "நிறுத்துங்கடி, நிறுத்துங்கடி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கொட்டகைக்கு நான் போய்ச் சேருமுன் இஞ்சின் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது.

ப்யூசையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். கையால் சுற்றிச் சுற்றி மறுபடி கிளப்பப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது டிவியில் படம் பளிச்சென்று இருந்தது. யாரோ ஒருவர் சாலையில் கவனமாகப் போகச் சொல்லி அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். இராஜம்மாக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் போடுவாங்களா தம்பி?"

 மலைக்குப் போனேன், சன்னாசியும் கூட வந்தான். அண்ணன் குழாயைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார். காற்று பலமாக அடித்தது. அவரிடம் விடச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"தெரிஞ்சாளா?" என்றார்.

"இல்லண்ணே."

அவர் முகம் மாறவில்லை. "நீ இடது, வலதுன்னு கத்துனப்பவே நெனச்சேன். கை மரத்துப் போச்சுப்பா. காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு. புடிச்சுப் பாத்தேன், ஆடிருச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். இஸ்திரிப் பெட்டி என்று சொல்ல வேண்டும். சொன்னால் முதல் பெட்டி என் வீட்டுப் பெட்டி, பிடுங்காத ப்யூசு என் ப்யூசு. சன்னாசி என்னைப் பார்த்தான், அவன் வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருந்தது.

"காத்துதாண்ணே" என்றேன். "நீங்க என்ன செய்வீங்க?"

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். இறங்கும்போது இரண்டு முறை கால் தடுக்கியது. வீட்டுக்குள் போய் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என் கைதான் ராசம்மா. ஆடிப்போச்சு" என்றார்.

இராஜம்மாக்கா அவரை அடிக்கவில்லை, அழவுமில்லை. டிவியை நிறுத்தச் சொல்லி என்னிடம் கை காட்டினார். பிறகு, "பத்து நிமிஷம் ஆடாம நிக்க முடியலயா ஒங்களால?" என்று கேட்டார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கூடத்தில் இருபது பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.