கதவருகே செல்வகுமாரி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. பிரேமா என்னிடம் நாலு வரி சாட்சியம் கேட்டாள். எழுத உட்கார்ந்தேன். பக்கங்கள் கூடிவிட்டன.

பிரேமா ஒரு சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தர். (எந்தச் சட்டமன்றம் என்று எழுதப் போவதில்லை.) என் மனைவி செல்வகுமாரிக்கும் அங்கேதான் வேலை. உறுப்பினர்கள் அவையில் பேசுவதை எழுதி, தட்டச்சு செய்து, பேசியவரிடமே கொண்டுபோய்த் திருத்தம் வாங்க வேண்டும். அப்படிப் போன இடத்தில் ஒரு உறுப்பினர் பிரேமாவின் கையைப் பிடித்தார். அவள் புகார் கொடுத்தாள். அன்று தன் அறைக்கு யாருமே வரவில்லை என்கிறார் அவர்.

கூடப் போனவள் செல்வகுமாரி. ஆடி மாதம் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை விசாரணை.* அவள் என்னிடம் சொன்னதை நான் போய்ச் சொல்ல வேண்டும்.

* புகார்க் குழு ஊழியர்களுக்கானது. உறுப்பினரை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டா என்று பேசியே மழைக்காலம் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் மஞ்சள் விளக்கொன்று மினு

நிறுத்திவிட்டேன். விளக்கைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது: செல்வகுமாரிக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்

பொய். பாகூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது என்று போனில் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனாள்.

3

மூன்றாவது நிலைத்து நின்றது.

தனியாகப் போகக் கூடாது என்பது அந்தப் பிரிவுப் பெண்கள் தாங்களே வைத்துக்கொண்ட சட்டம். தாழ்வாரத்துச் சுவரில் புகார்க் குழுவின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதிலிருந்த தொலைபேசி எண் எப்போதோ ஓய்வுபெற்றுப் போனவருடையது. அதனால் ஒருத்தி திருத்தத்துக்குக் கிளம்பினால் இன்னொருத்தி எழுந்து கூடப் போவாள். ‘ஜோடி டூட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று பிரேமாவுக்கு ஜோடி செல்வகுமாரி.

உறுப்பினர் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

“ஒரு பேப்பருக்கு ரெண்டு பேரா? நான் இன்னா புலியா, கடிச்சிடுவனா?”

செல்வகுமாரியை வெளியே இருக்கச் சொன்னார். அவள் வெளியே வந்தாள். ஆனால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி இடையில் காலை வைத்து நின்றாள். உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். பிரேமாவின் மணிக்கட்டு அவர் கைக்குள் இருந்தது. பிரேமா இழுக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிரேமா, பெல் அடிச்சிட்டாங்க, வாடி” என்றாள் செல்வகுமாரி.

அவைக்குக் கூப்பிடும் பெல் எதுவும் அடிக்கவில்லை.

4

கதையாக இது நிற்கிறது. சாட்சியமாக நிற்குமா? அவள் சொன்னது எது, நான் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்த்தேன்.

புலி அவள் சொன்னது. கீரை ஆய்ந்துகொண்டே அவரைப் போலப் பேசிக் காட்டினாள். கதவில் கால் வைத்ததும் அவள் சொன்னதுதான். கதவு வந்து இடித்துக் கட்டைவிரல் வீங்கியிருந்தது. அதை நானே பார்த்தேன். தாள் புரளும் சத்தம் என்னுடையது, எடுத்துவிடலாம். பெல், அவள் சொன்னது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

மணிக்கட்டு.

“கையப் புடிச்சான்” என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. தானே பார்த்துச் சொன்னாளா, திரும்பும்போது பஸ்ஸில் பிரேமா சொல்லித் தெரிந்து சொன்னாளா? ‘எட்டிப் பார்த்தாள்’ என்பதை அடித்து அடித்துப் பலமுறை எழுதிவிட்டேன். இப்போது கண்ணை மூடினால் அவள் எட்டிப் பார்ப்பது தெரிகிறது. நான் அங்கே இல்லவே இல்லை.

(நடந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பிரேமா சொல்கிறாள், நம்புகிறேன். என் சந்தேகம் என் வரியின் மேல்தான்.)

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

செல்வகுமாரி தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள் என்கிறேன். குழு நம்புகிறது. இதில் என் மனைவி நான் எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறாள். குறுக்குக் கேள்வியில் நான் தடுமாறினால் பிரேமாவின் புகாரும் என்னோடு சேர்ந்து விழும்.

இன்னொன்றில் நான் போவதே இல்லை. பெண்டாட்டி செத்தவன், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தி

போதும்.

6

நேற்று பிரேமா எங்கள் ஊர் செலியமேட்டுக்கு வந்தாள். புகார் கொடுத்த மறுவாரமே அவளைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை எடுபடாவிட்டால் பொய்ப்புகார் என்று வேலைக்கே வேட்டு வைப்பார்கள். வாசலில் நின்றபடியே பக்கங்களைப் படித்தாள். மணிக்கட்டு வந்த இடத்தில் நிறுத்தி, அக்கா பார்த்ததாகவே சொன்னாளா என்று கேட்டாள்.

நினைவில்லை என்றேன். அப்படியே எழுதிவிடவா என்றும் கேட்டேன்.

அவளுக்கு அந்த வரி வேண்டும். தாளைக் கீழே வைக்க அவளுக்கு நேரமாயிற்று.

“வேணாண்ணா. தெரியலன்னே சொல்லுங்க. அங்க இருக்குற அத்தினி பேருக்கும் ஒண்ணும் நடக்கலன்னு நல்லாத் தெரியுதாம். அந்த ரூம் பக்கமே போவாதவனுக்குக்கூடத் தெரியுது. தெரியலன்னு சொல்ல ஒரு ஆளாவது வரட்டும்.”

வண்டியை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தினாள்.

“ஆனா அக்கா கூட வந்தாங்கன்னு சொல்லிடுங்க. நான் தனியாப் போவல.”

7

மணிக்கட்டு வரியை நான் அடிக்கவில்லை. மேலே அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் படித்துவிட்டீர்கள். குழுவுக்குத் தரும் நாலு வரியில் அது இருக்காது.

வியாழக்கிழமை காலை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். அந்தப் பக்கத்து நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன். என் மனைவி அந்த அறைக்குப் போனாள். கதவில் காலை வைத்து நின்றாள். அடிக்காத பெல்லைச் சொல்லிப் பிரேமாவை வெளியே கூட்டிவந்தாள். இவ்வளவையும் அவளே என்னிடம் சொன்னாள்.

கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்பேன். என்னால் அதற்கு மேல் எழுத முடியாது. தீர்ப்பை எழுத வேண்டியவர் நீங்கள்.